ஊசி முனை கிடைத்த இடம்

என் வலது காலில் இப்போது நான்கு விரல்கள்தான். சுண்டுவிரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தேன். பார்க்க வருகிறவர்கள் முதலில் காலைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கணுக்காலோடு போக வேண்டியதை ஒரு விரலோடு நிறுத்தியிருக்கிறேன். அதற்கு யாராவது கை கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். உச்சுக் கொட்டல் வேண்டாம்.

என் பெயர் மரகதம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். மண்ணரையில் வாடகை வீடு. கணவர் ஜெயராஜ் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் இன்னொரு கம்பெனியில் பவர் டேபிள் டைலர். பவர் டேபிள் என்றால் மோட்டாரில் ஓடும் தையல் மெஷின். கை துணியைத் திருப்பும், வலது கால் பெடலை அழுத்தும். வேகம், நிதானம், நிறுத்தம் எல்லாம் அந்தக் காலில்தான். இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் உலை கொதித்ததில் பாதி என் வலது காலால்தான். அதனால்தான் அந்தக் காலுக்காக அவ்வளவு சண்டை போட்டேன்.

அப்போது எங்கள் லைனில் வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைத் துணி என்பதால் ஊசி விஷயத்தில் பயங்கரக் கெடுபிடி. மெஷினில் ஊசி உடைந்தால் கையை அப்படியே நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, நீடில் ரிஜிஸ்டர் என்ற நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி வர வேண்டும். வந்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துளி முனை குறைந்தாலும் அந்த லாட் முழுவதையும் பிரித்து, உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் ஒவ்வொரு பீஸாக விட்டு எடுக்க வேண்டும். கத்தாமல் வெளியே வந்தால் அந்தப் பீஸ் சுத்தம்.

ஒரு திங்கட்கிழமை காலை, பக்கத்து மெஷினில் சுனிதாவின் ஊசி உடைந்தது. சுனிதா பீகாரிலிருந்து வந்த பெண். வந்து எட்டு மாதத்தில் ஹெல்பரிலிருந்து டைலராகியிருந்தாள், அவ்வளவு சூட்டிகை. ஊசியின் மேல்பாதி கிடைத்தது, நடுத்துண்டு கிடைத்தது. முனை மட்டும் இல்லை. காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தேய்த்தோம். பீஸை எல்லாம் மெஷினில் விட்டார்கள், ஒன்றுகூடக் கத்தவில்லை. லைன் மத்தியானம் வரை நின்றது.

சூப்பர்வைசர் பழனிச்சாமி இந்த ஊர்க்காரர். கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"ஏனுங்க மரகதக்கா, உங்க டேபிளுக்கு அடியில பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ பாத்தாச்சு சார்."

"அப்ப இந்தப் புள்ளதானுங்க எங்கியோ வீசீட்டு முழிக்குது."

"நான் போடலை சார். சத்தியம்," என்று சுனிதா, அவர்கள் ஊரில் சத்தியம் செய்கிற மாதிரி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நானாவது அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. "ஊசி எங்கிட்டுப் போகும் பிள்ள? கவனமா இருந்திருந்தா இத்தன பேரு பொழப்புக் கெட்டிருக்காதுல்ல?" என்று நானும் சேர்ந்து குதித்தேன். ரிஜிஸ்டரில் முனை ஒட்ட வேண்டிய இடம் காலியாக இருந்தது. 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் 'கிடைக்கவில்லை, டைலர் அலட்சியம்' என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் அவளை மெஷினிலிருந்து எடுத்து, பிசிறு வெட்டும் வேலைக்கு உட்கார வைத்தார்கள்.

அந்த முனை அப்போது என் காலுக்குள் இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியாமல் போகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் கம்பெனியில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். வெள்ளைத் துணியில் மண் படக்கூடாது என்பது சட்டம். நாங்களும் வெறுங்கால்தான் பெடலுக்கு வசதி என்று பழகிவிட்டோம். புதிதாக வரும் பெண்கள் பத்து மணி நேரம் பெடல் அழுத்திவிட்டுக் கால் எரிகிறது என்று அழுதால், பழைய டைலர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "ஒரு வருஷம் போகட்டும், பெடல் கால் வந்துரும். அப்புறம் ஒண்ணும் தெரியாது." கால் மரத்துப்போவதற்குத்தான் அந்தப் பெயர். மரத்துப்போன கால் நல்ல டைலருக்கு அடையாளம் என்று நாங்கள் நம்பினோம். சுனிதாவுக்கும் நான்தான் அதைச் சொன்னேன். எனக்கு மூன்று வருடமாகவே பெடல் கால். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எனக்குச் சர்க்கரை இருப்பது ஐந்து வருடத்துக்கு முன்பே தெரியும். தெருவில் நடந்த முகாமில் கண்டுபிடித்தார்கள். மாத்திரையும் தந்தார்கள். தலை சுற்றினால் போட்டுக்கொள்வேன், சுற்றாவிட்டால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவேன். ஷிப்மெண்ட் நெருக்கடியில் மாத்திரையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ரெண்டுமே பாத்ரூமுக்கு எழுப்பிவிடும், எழுந்தால் பீஸ் குறையும். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்க சாந்தி என்று ஒரு சுகாதாரப் பணியாளர் எங்கள் தெருவுக்கு வருவார். அவர் வருவது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் காம்பவுண்டில் இருக்கும் எட்டு வீட்டுக்கும் எட்டுப் பூட்டு. வீடு தேடி வரும் மருந்துக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் யாரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. பூட்டில் செருகியிருந்த சீட்டைப் பார்த்து, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று கிழித்துப் போட்டேன்.

ஊசி உடைந்து பதிமூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் சத்தம் போட்டார்.

"ஏய் மரகதம், எங்கன மிதிச்சிட்டு வந்த? வீடு பூரா செவப்பா கெடக்கு."

அடுப்படியிலிருந்து வாசல் வரை ஒற்றைக்காலின் தடம். கம்பெனியில் அந்த வாரம் மெரூன் கலர் துணி ஓடியது. சாயம் ஒட்டியிருக்கும் என்று துடைப்பத் துணியை எடுத்தேன். அவர் என்னை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். செல்போன் டார்ச்சை அடித்து மறுபடி பார்த்தார். சுண்டுவிரலுக்குக் கீழே ஓட்டை விழுந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தின மூன்று நாள் காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். காலைக் காட்டச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை முந்நூற்று எண்பது. பெண்கள் சர்ஜரி வார்டில் கட்டில் கொடுத்தார்கள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவரான ஒரு சர்ஜன் வந்தார். காலை முகர்ந்து பார்க்கிற தூரத்துக்குக் குனிந்து பார்த்தார். அதற்கே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. பிறகு மெல்லிய நைலான் நூல் ஒன்றை எடுத்தார்.

"கண்ண மூடிக்கோங்கம்மா. கால்ல நூல் படும்போது ஆமான்னு சொல்லுங்க."

நான் கெட்டிக்காரத்தனமாக நடுநடுவே விட்டு விட்டு மூன்று தடவை "ஆமா" சொன்னேன்.

"அம்மா, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல."

வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. விளக்கிச் சொன்னார். சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெடும். பாதத்துக்குப் போகிற நரம்புதான் நீளமானது, அதனால் கேடு அங்கேதான் தொடங்கும். குத்துவதும் சுடுவதும் தெரியாது. புண் வந்தாலும் வலி வந்து கூப்பிடாது. "பெடல் கால்னு நாங்க சொல்லுவோம் டாக்டர்," என்றேன். "பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நோய்ம்மா," என்றார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் என் பாதத்தின் எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு. "ஏதோ கம்பித் துண்டு" என்றார் டாக்டர். எனக்கு அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற முனை. ஊசிக்கண்ணின் பாதி வளைவுகூட அதில் தெரிந்தது.

"டாக்டர், அது எங்க லைன் ஊசி," என்றேன். முதலில் நினைவுக்கு வந்தது என் கால் இல்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்த சுனிதாதான்.

டாக்டர் ஒரு பேனாவை எடுத்து, பாதத்தில் சிவந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, அது நமக்கு லாபம். மருந்து ஏறட்டும், சர்க்கரை இறங்கட்டும். சிவப்பு இந்தக் கோட்டுக்கு உள்ளயே நின்னா விரலோட முடிச்சிரலாம். கோட்டைத் தாண்டி மேல ஏறினா, உயிருக்காகக் கணுக்காலுக்கு மேல எடுக்க வேண்டி வரும். ரெண்டு நாள் பார்ப்போம்."

துணியில் மார்க்கிங் போட்ட பிறகு கட்டிங் மாஸ்டர் வருவதற்குக் காத்திருப்போம் இல்லையா, அப்படி நான் என் காலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பயந்தேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். கால் போனால் பெடல் போகும். பெடல் போனால் நான் யார்? இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு வேறு எதுவும் கற்றுத்தரவில்லை இந்த ஊர்.

இன்சுலின் போடுவதாகச் சொன்னார்கள். அது கடைசிக் கட்டத்தில் போடுவது என்று எங்கள் காம்பவுண்டில் ஒரு நம்பிக்கை உண்டு. போட்டால் சாகும்வரை விடாது, அதனால் தொடவே கூடாது என்பார்கள். நர்ஸிடம் கேட்டேன். உடம்பு தானே சுரக்க வேண்டிய ஒன்று போதவில்லை, வெளியிலிருந்து தருகிறோம், புண் ஆறினபின் சிலருக்கு மறுபடி மாத்திரையே போதும் என்று சொன்னார். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷம் கிடைக்காமல் எத்தனை பேர் பயந்துகொண்டு கிடக்கிறார்களோ.

பக்கத்துக் கட்டிலில் சரஸ்வதி. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் பாலீஷ் வேலை. இடது காலில் முன்பாதம் எடுத்தாகிவிட்டது. அவரிடம் என் ஊசிக் கதையைச் சொன்னேன்.

"எனக்கு வெந்நி பட்டு வெந்ததே தெரியலீங்க. தோலு உரிஞ்சு தொங்குது, நான் பாட்டுக்கு ஊடு கூட்டீட்டு இருக்கறனுங்க," என்றார். இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

என் கொழுந்தன் பார்க்க வந்தார். சோத்துக் கற்றாழை, ஏதோ ஒரு பொடி, கூடவே நிறைய விதி. "சுகர் வந்துட்டா அவ்வளவுதான் மதினி. நம்ம கையில என்ன இருக்கு," என்றார்.

"விதியா? மூணு ரூபா ஊசி மொனையத் தேட அரை நாள் லைன நிப்பாட்டத் தெரியுது. வருஷத்துக்கு ஒரு தடவ என் காலப் பாக்க அஞ்சு நிமிஷம் நிப்பாட்ட யாருக்கும் தோணல. அதுக்குப் பேரு விதி இல்ல," என்றேன். அவர் பொடியை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பொடியை நான் தொடவில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேசத் தெரியாத மனிதர். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்றாலும் ஆட்டோவுக்கும் வெளி மருந்துக்கும் செலவு இருக்கத்தான் செய்தது, அதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. தினமும் காலையில் என் நைட்டியை அயர்ன் போட்டு, எக்ஸ்போர்ட் பீஸ் மாதிரி மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவருவார். நர்ஸ்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சமையல் தெரியாதவர் கொண்டைக்கடலையை அவித்துக் கொண்டுவருவார், பாதி வெந்திருக்கும். வந்ததும் என் காலருகே போய்க் குனிந்து கோட்டைப் பார்ப்பார். "தாண்டல," என்பார். அவ்வளவுதான் பேச்சு. முதல் நாள் தாண்டவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வீக்கம் கோட்டை நெருங்கி வந்துவிட்டது. அவர் அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, சர்க்கரை நூற்று எழுபதுக்கு இறங்கியிருந்தது. சிவப்பு கோட்டைவிட்டு உள்ளே சுருங்கியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், பிறகு என் காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

அன்றே ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். கறுத்த விரலையும் அழுகின சதையையும் எடுத்தார்கள். ஊசி முனை வெளியே வந்ததும் டாக்டர் எனக்குக் காட்டினார். "தூக்கிப் போட்ராதீங்க, எனக்கு வேணும்," என்றேன். "இத வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்றார். "ஒட்டணும் டாக்டர்," என்றேன். மயக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் கழுவி, மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு சுனிதா வந்தாள். கையில் இரண்டு கொய்யாக்காய். நான் திட்டியதை அவள் மறந்திருக்க முடியாது, ஆனாலும் வந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் திறந்து பார்த்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உன் ஊசிதான் பிள்ள. என் கால்ல இருந்துச்சு. உன்னயப் போய் பேசிட்டேன். என்னய மன்னிச்சிரு."

அவள் என் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். "தீதி, வலிச்சது இல்லையா?" என்றாள். அக்கா என்பதை அவள் பாஷையில் அப்படித்தான் சொல்வாள்.

"இல்ல. அதான் வெனையே. உனக்குக் கால் மரத்துச்சுன்னா பெடல் காலுன்னு நான் சொன்னத நம்பாத. ஆஸ்பத்திரிக்குப் போ."

பதினேழு நாளில் வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதம் கட்டு. தினமும் காலையில் என் கணவர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, என் இரண்டு பாதத்தையும் அதன்மேல் நீட்டச் சொல்லிப் பார்க்கிறார். மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, ஆஸ்பத்திரியில் பதினொன்று இருந்தது. எட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். மாத்திரையைத் தலை சுற்றுகிறதா என்று கேட்டுப் போடுவதில்லை. மணி பார்த்துப் போடுகிறேன்.

போன வாரம் கம்பெனிக்குப் போனேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தென்ற செருப்போடு உள்ளே நடந்தேன். வாசலில் தடுத்தார்கள், நிற்கவில்லை. பழனிச்சாமி எழுந்து வந்தார்.

"வாங்கக்கா. கால் எப்படிங்க இருக்குது? நீங்க இனி செக்கிங்ல நின்னுக்கலாமுங்க, மெஷின் வேண்டாமுங்க. அப்புறம் செருப்ப மட்டும் வெளிய உட்டுருங்க. துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட் வருதுங்க."

"ஆடிட்டுக்கு வர்றவரு ஷூவக் கழட்டிட்டா வர்றாரு? ஷூவுக்கு மேல பிளாஸ்டிக் கவர் மாட்டிட்டுத்தான லைன் பூரா நடக்காரு? அவரு காலுக்கு ஒரு கவர் இருக்குன்னா எங்க காலுக்கு, கம்பெனிக்குள்ள மட்டும் போடுறதுக்கு ஒரு செருப்பு இருக்கட்டும். செக்கிங்ல நாள் பூரா நிக்க என் காலு ஆகாது, டாக்டர் சீட்டுல எழுதியிருக்கு. உக்காந்து தைக்கலாம். என் மெஷின் எனக்கு வேணும்."

லைனில் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். நான் இன்னும் முடிக்கவில்லை. சாந்தியிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தேன். மாதம் ஒரு நாள், பதினொரு மணி டீ நேரத்தில், அவர் கம்பெனி கேட்டுக்கு வருவார், பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார், மாத்திரை தருவார், கால் பார்ப்பார். கேட்டைத் திறந்துவிட வேண்டியது மட்டும்தான் கம்பெனி வேலை. அதையும் சொன்னேன்.

"மொதலாளிகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க," என்றார்.

"கேளுங்க. அதுக்கு முன்னாடி நீடில் ரிஜிஸ்டர எடுங்க."

"எதுக்குங்க?"

"சாமான் கிடைச்சிருச்சு."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "அக்கா, லாட் கப்பல் ஏறிப் போயே போச்சுங்க. இப்பப் போயி அதக் கிளறுனா ஆடிட்ல பதில் சொல்லோணுங்க," என்றார் மெதுவாக.

"சொல்லுங்க. அந்தப் பிள்ள பேர்ல எழுதும்போது யாரு பதில் சொன்னா?"

ரிஜிஸ்டர் வந்தது. அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். மேல்பாதி இருந்தது, நடுத்துண்டு இருந்தது, அதற்குக் கீழே காலி இடம். பிசிறு வெட்டும் மேஜையிலிருந்து சுனிதாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். டப்பாவைத் திறந்து முனையை எடுத்து வைத்தேன். மூன்றும் சேர்ந்து முழு ஊசி ஆனது. சுனிதா செல்லோடேப்பைக் கிழித்துக் கொடுத்தாள், ஒட்டினேன். 'டைலர் அலட்சியம்' என்பதன் குறுக்கே ஒரே கோடாக அடித்தேன். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில், பக்கத்து மெஷின் டைலர் மரகதத்தின் வலது கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நோட்டைச் சூப்பர்வைசர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"போடுங்க சார்."